மாடிக்கு வேறு வரி எண்: கிரையம் முடிந்து மூன்று மாதம் கழித்து வந்த 37,980 ரூபாய் பாக்கி

2024 நவம்பரில் ஒரு மத்தியானம் டீச்சர் போன் செய்தார். "சார், மாடிக்கு வேற நம்பராம். அதுல ஏழரை வருஷ பாக்கி நிக்குதாம். 'ஏழரை'ன்னு சொல்லி அந்த கிளார்க் சிரிக்கிறார் சார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆகஸ்ட் 21-ஆம் தேதி அவர் வாங்கிய வீட்டுக்கு ஆவணங்களைப் பார்த்து "தாராளமாக வாங்கலாம்" என்று எழுதிக் கொடுத்த வக்கீல் நான்தான். ஆக இது வேறு யாரோ செய்த தவறைப் பற்றிய ஆய்வு இல்லை. என் மேசையிலேயே நடந்தது. ஊர், மாநகராட்சி, ஆட்கள் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. சென்னை இல்லை, தமிழ்நாட்டின் மற்ற மாநகராட்சிகளில் ஒன்று. அதன் ஓரத்தில், முன்பு ஊராட்சியாக இருந்து பிறகு சேர்க்கப்பட்ட பகுதி. அவ்வளவு போதும்.

வீடு சாதாரண தனி வீடு. தரைத்தளம் 900 சதுர அடி, 1998-இல் கட்டியது. மேலே 700 சதுர அடியில் ஒரு தளம், 2014-இல் எழுப்பியது. விற்றவர் எழுபது வயதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற மனிதர். கீழே அவர் குடியிருந்தார், மேலே வாடகைக்கு விட்டிருந்தார். மனைவி தவறிய பிறகு மகனோடு போய்விடலாம் என்று விலைக்குப் போட்டார். 46 லட்சத்துக்குப் பேச்சு முடிந்தது. டீச்சருக்கு வங்கிக் கடன், கொஞ்சம் நகை, பி.எஃப். முன்பணம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாக 4,14,000 ரூபாய் தனியாகப் போனது. பத்திரம் முடிந்த அன்று அவர் கையில் பால் காய்ச்ச மட்டும்தான் காசு மிச்சம் இருந்தது என்று பிறகு சொன்னார்.

இனி என் மேசைக்கு வந்த கட்டைப் பார்ப்போம். தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, இரண்டு தளத்துக்கும் கட்டட அனுமதி, மின் இணைப்பு அட்டை, 2024-25 முதல் அரையாண்டுக்கான சொத்துவரி ரசீது. ரசீதில் கதவு எண் 14, தொகை 1,935 ரூபாய், பாக்கி இல்லை. நான் வைத்திருக்கும் பட்டியலில் 'வரி ரசீது' என்பதற்கு எதிரே ஒரு டிக் போட்டேன். வங்கியின் வக்கீலும் அதே இடத்தில் அதே டிக்கைப் போட்டிருப்பார்.

இப்போது யோசித்தால், கிரையப் பத்திர வரைவின் சொத்து விவரத்தில் 'தரைத்தளம் 900 சதுர அடி, முதல் தளம் 700 சதுர அடி' என்று நானே தட்டச்சு செய்ய வைத்திருக்கிறேன். 1,600 சதுர அடிக்கு அரையாண்டு வரி 1,935 என்பது குறைச்சலாக எனக்குப் பட்டிருக்க வேண்டும். படவில்லை. மின் அட்டையிலும் ஒரே ஒரு இணைப்பு எண்தான் இருந்தது. வீட்டை நேரில் போய்ப் பார்த்திருந்தால் வாசல் நடையின் வலப்பக்கச் சுவரில் இரண்டு மீட்டர் பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது தெரிந்திருக்கும். நான் போகவில்லை. ஆவணம் பார்ப்பதுதானே நம் வேலை, வீடு பார்ப்பது வாங்குகிறவர் வேலை என்ற நினைப்பு.

நடந்தது இதுதான். மாடி கட்டி முடித்ததும் விற்றவர் அதற்குத் தனி மின் இணைப்பு கேட்டிருக்கிறார். அதையொட்டி மாடிக்குத் தனியாக வரி விதிக்கப்பட்டு, 14/1 என்று கதவு எண்ணும் புது வரிவிதிப்பு எண்ணும் விழுந்திருக்கின்றன. ஆரம்பத்தில் அவரே கட்டியிருக்கிறார். அப்புறம் வாடகைக்கு வந்தவரிடம், "மாடி வரி, மாடி கரண்ட் ரெண்டும் உங்க பொறுப்பு" என்று வாய்வார்த்தையாகப் பேசி விட்டிருக்கிறார். கரண்ட் பில்லைக் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள், அதனால் அது ஒழுங்காகக் கட்டப்பட்டது. வரிக்கு அப்படி யாரும் வரவில்லை. கேட்புச் சீட்டு மாடிக் கதவில்தான் செருகப்பட்டது; குடியிருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்; சீட்டு கீழே இறங்கி வரவேயில்லை.

வில்லங்கச் சான்றில் இது ஏன் வரவில்லை என்று டீச்சரின் கணவர் என்னிடம் கேட்டார். நிறையப் பேர் கேட்கும் கேள்விதான். வில்லங்கச் சான்று என்பது பதிவு அலுவலகத்தின் புத்தகங்களில் அந்தச் சொத்தைப் பற்றி என்னென்ன பதிவாகியிருக்கிறது என்பதன் நகல். கிரையம், அடமானம், தானம், பதிவான ஒப்பந்தம் எல்லாம் வரும். வரி பாக்கி பதிவு செய்யப்படும் ஆவணம் இல்லை, அது உள்ளாட்சியின் கணக்கில் கிடக்கிறது. இரண்டு அலுவலகங்களும் ஒரே தெருவில் இருந்தாலும் ஒன்றின் பேரேடு மற்றொன்றுக்குத் தெரியாது. 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் 30 ரூபாய் வரி பாக்கிகூட அதில் தெரியாது.

விஷயம் வெளியே வந்தது பெயர் மாற்றத்தில். கைமாறியதை விற்றவரும் வாங்கியவரும் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பழைய நகராட்சிச் சட்டங்களிலேயே உண்டு, யாரும் பின்பற்றுவதில்லை. டீச்சர் ஆசிரியர் இல்லையா, கெடுவுக்குள் போய்விட்டார். தரைத்தள எண்ணுக்குப் பெயர் மாற்ற விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பத்திர நகலைப் புரட்டிய எழுத்தர், "முதல் தளம்னு போட்டிருக்கே, அது வேற நம்பராச்சே" என்று கணினியில் தட்டினார்.

தகவல் வந்த மறுநாளே அரையாண்டு வாரியான நிலுவை விவரத்தை அச்செடுத்து வாங்கச் சொன்னேன். வாய்க்கணக்கில் இறங்கினால் கடைசி வரை சண்டைதான். தாளில் இருந்தது இப்படி: 2017-18 முதல் அரையாண்டில் தொடங்கி 15 அரையாண்டுகள். முதல் 10 அரையாண்டுகளுக்கு தலா 1,840 ரூபாய், ஆக 18,400. (இடையில் 2018-இல் மாநிலம் முழுக்க வரி ஏற்றப்பட்டது, 2019 நவம்பரில் அது நிறுத்திவைக்கப்பட்டது. அந்த ஏற்றமும் இறக்கமும் கணக்கில் ஏறி இறங்கி, கடைசியில் பழைய தொகைக்கே வந்து நின்றிருந்தது.) 2022 ஏப்ரல் சீராய்வில் சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 601 முதல் 1,200 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் ஏறியது. மாடி 700 சதுர அடி என்பதால் 1,840 என்பது 2,760 ஆனது. அந்த விகிதத்தில் 4 அரையாண்டுகளுக்கு 11,040. கிரையம் நடந்த 2024-25 முதல் அரையாண்டுக்கு 2,760. வரி மட்டும் 32,200. தாமத வட்டி 4,310, குப்பைக் கட்டணம் 1,470. மொத்தம் 37,980.

46 லட்சத்து வீட்டில் இது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் மாதத் தவணை தொடங்கிவிட்ட வீட்டில் 37,980 ரூபாய் என்பது மூன்று மாத மளிகை, பள்ளிக் கட்டணம், அம்மாவின் மாத்திரை.

டீச்சர் முதலில் விற்றவரிடம் தானே பேசிப் பார்க்கிறேன் என்றார். என் எதிரிலேயே, ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசினார்.

"ஐயா, மாடிக்கு வரி கட்டவே இல்லையாம் ஐயா."

"அதெப்படிம்மா? குடியிருக்கிறவங்கதானே கட்டிட்டு இருந்தாங்க. நான் அப்படித்தான் பேசி விட்டிருந்தேன்."

"2017-லேர்ந்து கட்டலையாம். முப்பத்தெட்டாயிரம் வருது."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் போன் கைமாறியது. மகன் பேசினார். "மேடம், பத்திரம் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. பேப்பர் எல்லாம் உங்க வக்கீல் பார்த்து ஓகே சொன்ன பிறகுதானே கையெழுத்து போட்டீங்க? உள்ளது உள்ளபடிதானே வித்தோம்?"

எதிரில் உட்கார்ந்திருந்த வக்கீல் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தப் பெரியவர் ஏமாற்ற நினைத்தார் என்று எனக்கு அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. ஆனால் டீச்சரின் கணவர் கொதித்துப்போயிருந்தார். மோசடி என்று போலீஸில் புகார் கொடுக்க வேண்டும், பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-ஆம் பிரிவு இருக்கிறதாமே என்றார். செல்போன் வந்ததிலிருந்து கட்சிக்காரர்கள் பிரிவு எண்ணோடுதான் வருகிறார்கள். 318 இருப்பது உண்மைதான். 2024 ஜூலை முதல் பழைய 420-இன் இடத்தில் அதுதான் நிற்கிறது. ஆனால் ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்தது என்று காட்ட வேண்டும். குடியிருந்தவர் கட்டுகிறார் என்று நம்பிய கிழவர்மேல் அதைக் காட்ட முடியாது. காவல் நிலையத்தில் கூப்பிட்டு வைத்துப் பேசி முடிப்பார்கள், அதற்குக் கட்டப்பஞ்சாயத்து என்று பெயர். நான் அந்தப் பாதைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சிவில் சட்டத்தில் விடை தெளிவாகவே இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு, முதல் உட்பிரிவின் ஜி பகுதி: வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத வரை, விற்பனை தேதி வரை சொத்தின் மேல் சேர்ந்து நிலுவையான பொதுக் கட்டணங்களை விற்பவர் கட்ட வேண்டும். 'வேறு விதமாக ஒப்பந்தம்' இருந்ததா? பத்திரத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது இதுதான்:

"ஷை சொத்தின் பேரில் இதற்கு முன் யாதொரு வில்லங்க விவகாரமும் இல்லையென்றும், சர்க்கார் மற்றும் மாநகராட்சி வரி வகையறா பாக்கி ஏதுமில்லையென்றும் உறுதி கூறுவதுடன், அப்படி ஏதேனும் பின்னிட்டுத் தெரியவரும் பட்சத்தில் அதை நானே முன்னின்று என் சொந்தச் செலவிலும் சொந்தப் பொறுப்பிலும் தீர்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டவனாவேன்."

ஒவ்வொரு கிரையப் பத்திரத்திலும் வரும் வாசகம். பத்திர எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாக நகல் எடுத்து வருவது. பதிவின்போது இதை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. 'உள்ளது உள்ளபடி' என்ற சொல் பத்திரத்தில் எங்குமே கிடையாது. மகன் அதை எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார்.

சரி, விற்றவர் பொறுப்பு என்பது அவருக்கும் டீச்சருக்கும் இடையில். மாநகராட்சிக்கு அந்தப் பத்திரம் ஒரு பொருட்டா? சொத்துவரி கட்டடத்தின் மேலேயே ஏறி உட்காரும் பொறுப்பு. வக்கீல் பாஷையில் சார்ஜ். 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமே அதை முதல் பொறுப்பு என்று சொல்லியிருந்தது. வீடு கைமாறினாலும் பாக்கி வீட்டோடுதான் வரும் என்ற எண்ணத்தில்தான் எழுத்தர்கள் பேசுவார்கள். இங்கேதான் டீச்சரின் கணவர் இரண்டாவது முறை கொதித்தார். "யாரோ தின்னதுக்கு நாங்க ஏன் கை கழுவணும்? சுப்ரீம் கோர்ட்டே கட்ட வேண்டாம்னு சொல்லியிருக்காமே?"

அவர் சொன்ன தீர்ப்பு உண்மையில் இருக்கிறது. நேரம் எடுத்துப் படிக்க வேண்டிய தீர்ப்பும்கூட.

அகமதாபாதில் ஒரு வீட்டுக்காரர் 1949 வாக்கில் கடனில் மூழ்கி, திவால் நடவடிக்கை தொடங்கியது. சொத்து, அதை நிர்வகிக்க நியமிக்கப்பட்ட ரிசீவர்கள் கைக்குப் போனது. அடுத்து வந்த ஆண்டுகளுக்கான மாநகராட்சி வரி கட்டப்படவில்லை. அடமானம் பிடித்தவர் வழக்குப் போட்டு, தீர்ப்பாகி, வீடு நீதிமன்ற ஏலத்துக்கு வந்தது. ஒருவர் ஏலத்தில் எடுத்தார். எடுத்த பிறகு பார்த்தால், பழைய வரி பாக்கிக்காக மாநகராட்சி அந்த வீட்டையே ஜப்தி செய்திருக்கிறது. ஏலம் எடுத்தவர் வழக்குப் போட்டார், அது மேல்முறையீடாகி 1971-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. மாநகராட்சியின் வாதம் எளிமையானது: நகரத்தில் வீடு வாங்குகிறவனுக்கு அதற்கு வரி உண்டு என்று தெரியும், பாக்கி இருக்குமா என்று விசாரிப்பது அவன் கடமை, விசாரிக்காவிட்டால் தெரிந்ததாகவே சட்டம் கொள்ளும். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 100-ஆம் பிரிவுப்படி, விவரம் தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவர் கையில் இருக்கும் சொத்தின் மேல் பொறுப்பை அமல்படுத்த முடியாது. வேறொரு சட்டம் வெளிப்படையாக அப்படிச் சொன்னால் ஒழிய. வரிக்கு முதல் பொறுப்பு உண்டு என்று மட்டும் சொன்னால் போதாது, தெரியாமல் வாங்கியவர் மேலும் செல்லும் என்று சொல்ல வேண்டும். வரி பாக்கி தெரிந்திருக்கும் என்று எல்லாருக்கும் பொதுவாக ஓர் அனுமானம் கிடையாது, அது ஒவ்வொரு வழக்கின் சங்கதியையும் பொறுத்தது.

அப்படியானால் டீச்சர் கட்ட வேண்டாமே? 'சங்கதியைப் பொறுத்தது' என்ற இடத்தில்தான் எனக்குக் கால் தயங்கியது. அகமதாபாத்காரர் வாங்கியது நீதிமன்ற ஏலத்தில். அதற்கு முன் வீடு ரிசீவர்கள் பொறுப்பில் இருந்தது. அவர்கள் வரியைக் கட்டியிருப்பார்கள் என்று ஒருவர் நம்பினால் அதில் தப்பு சொல்ல முடியாது. டீச்சர் வாங்கியது நேரடிக் கிரையம். வாசலில் இரண்டு மீட்டர் பெட்டி, பத்திரத்தில் இரண்டு தளம், கையில் ஒரு தளத்துக்கு மட்டும் ரசீது. 'தெரியாது' என்பதற்கு அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் ஓர் எல்லை இருக்கிறது: விசாரித்தே இருக்க வேண்டிய விசாரணையை வேண்டுமென்றே தவிர்த்தாலும், மிகுந்த கவனக்குறைவாக இருந்தாலும், தெரிந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றி, "வீட்டைப் பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

ஜெயிக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 37,980 ரூபாய்க்காக மாநகராட்சியோடு வழக்காடினால், பெயர் மாற்றம் நிற்கும், மாதாமாதம் வட்டி ஏறும், நாளைக்கு வீட்டைக் காட்டிக் கூடுதல் கடன் கேட்டால் அங்கேயும் முட்டும். டீச்சருக்கு ஒரே வரியில் சொன்னேன்: மாநகராட்சியோடு சண்டை வேண்டாம், அவர்களுக்குக் கட்டிவிட்டு விற்றவரிடம் வாங்குவோம்.

"அவங்களுக்காக நாமே கட்டிட்டா, 'தானா கட்டினாங்க'ன்னு சொல்லிட மாட்டாங்களா?" என்று கேட்டார் டீச்சர். நல்ல கேள்வி. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 69-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. இன்னொருவர் சட்டப்படி கட்ட வேண்டிய பணம், அது கட்டப்படுவதில் உனக்கும் நலன் இருக்கிறது, அதனால் நீ கட்டுகிறாய் என்றால், அவரிடமிருந்து அதைத் திரும்பப் பெற உனக்கு உரிமை உண்டு. அந்தப் பிரிவுக்குச் சட்டமே கொடுத்திருக்கும் உதாரணமும் வரி பாக்கிதான். வங்காளத்தில் ஒரு ஜமீன்தார், அவரிடம் குத்தகைக்கு நிலம் பிடித்தவர் ஒருவர். ஜமீன்தார் சர்க்காருக்குத் தீர்வை பாக்கி வைக்க, நிலம் ஏலத்துக்கு வருகிறது. ஏலம் போனால் குத்தகையும் போய்விடும். குத்தகைக்காரர் பாக்கியைத் தானே கட்டிவிடுகிறார். ஜமீன்தார் அதைத் திருப்பித் தர வேண்டும். 150 வருடத்துக்கு முன் எழுதியது. ஜமீனை எடுத்துவிட்டு 14/1 என்ற மாடியை வைத்தால் எங்கள் வழக்கு.

ஆனாலும் கட்டும் முன் விற்றவருக்குச் சொல்லிவிட்டுக் கட்டுவது உத்தமம். டிசம்பர் 2-ஆம் தேதி பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு ஒரு கடிதம் போனது. நிலுவை விவரத்தின் நகல், பத்திரத்தின் நான்காம் பக்க நகல், 15 நாள் அவகாசம், நீங்கள் கட்டாவிட்டால் நான் கட்டி உங்களிடம் வசூலிப்பேன் என்று ஒரு பத்தி. வக்கீல் நோட்டீஸாக இல்லாமல் டீச்சர் பெயரிலேயே, 'மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு' என்று தொடங்கி எழுத வைத்தேன். வக்கீல் தாளில் போனால் எதிரிலும் ஒரு வக்கீல் தாள் முளைக்கும். அட்டை மகன் கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

டிசம்பர் 20-ஆம் தேதி பணம் கட்டினோம். இந்த இடத்தில் ஒரு சின்ன சங்கதி, எனக்கும் முன்பே ஒரு வழக்கில் சூடுபட்டுத் தெரிந்தது. சொத்துவரி ரசீது யார் கட்டினார்கள் என்று காட்டாது. வரிவிதிப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரைத்தான் காட்டும். டீச்சர் கட்டிய 37,980-க்கு வந்த ரசீதில் இருந்தது விற்றவரின் பெயர். ரொக்கமாகக் கட்டியிருந்தால் கட்டியது டீச்சர்தான் என்பதற்கு ஒரு ஆதாரமும் இருக்காது. அதனால் அவர் சம்பளக் கணக்கிலிருந்து ஆன்லைனில் கட்டச் சொல்லி, பரிவர்த்தனை எண் ரசீதிலும் வங்கி அறிக்கையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்து, இரண்டையும் சேர்த்து ஊசி குத்தி வைத்தேன்.

இது வீண்போகவில்லை. ஜனவரியில் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுப் போட்டோம். வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய சமரசத்துக்கு. வழக்காகவே போட்டிருந்தாலும் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், 1,139 ரூபாய்தான். கட்டியதிலிருந்து மூன்று வருட அவகாசமும் இருந்தது. பிரச்சினை காலம்தான். வாய்தா வாய்தாவாக ஓடி, தீர்ப்பு வந்து, நிறைவேற்று மனுப் போடுவதற்குள் அந்தப் பெரியவருக்கு என்ன வயதாகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. முதல் அமர்வில் மகன் அந்த ரசீதை எடுத்து நீட்டினார். மாநகராட்சி இணையதளத்தில் எண்ணைப் போட்டு எடுத்திருந்தார். "அப்பா பேர்லதானே ரசீது இருக்கு. அப்பா கட்டினதாத்தானே அர்த்தம்?" நான் ஊசி குத்திய தாள்களை நீட்டினேன். பெரியவர் மகனைப் பார்த்து, "நாம கட்டலைன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார். அதற்குப் பிறகு பேச்சு தொகையைப் பற்றி மட்டும்தான்.

மகன் விடவில்லை. கிரையம் நடந்த அரையாண்டை நாள்கணக்கில் பிரிக்க வேண்டும் என்றார். அமெரிக்காவில் இருக்கும் நண்பன் வீடு வாங்கியபோது அப்படித்தான் செய்தார்களாம். அது உண்மைதான், அங்கே அந்த ஆண்டு வரியை விற்றவர் நாள், வாங்கியவர் நாள் என்று பிரித்து, கணக்குத் தீர்க்கும் தாளிலேயே கழித்துவிடுவது வழக்கம். நம் 55-ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. விற்பனை தேதிக்குள் நிலுவையாகிவிட்டதா என்றுதான் பார்க்கிறது. ஏப்ரலில் தொடங்கிய அரையாண்டின் வரி ஆகஸ்டுக்குள் நிலுவைதான். ஆனாலும் நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 183 நாளில் ஆகஸ்ட் 20 வரை 142 நாள் அவருடையது, மீதி 41 நாள் டீச்சருடையது. 2,760-இல் டீச்சர் பங்கு 618 ரூபாய். சட்டம் பேசி 618 ரூபாயைக் காப்பாற்றுவதா, விட்டுக்கொடுத்து மீதியை வாங்குவதா? டீச்சரே, "விடுங்க சார்" என்றார். கிரையத்துக்குப் பிறகு ஏறிய வட்டிக்கென்று இன்னும் 862 போனது. 36,500 என்று முடிந்தது. 20,000 உடனே, 16,500 ஏப்ரல் 10-க்குள். மார்ச்சில் லோக் அதாலத்தில் அது தீர்வாணையாகப் பதிவானது. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி அது சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. வெறும் கடிதத்தில் ஒத்துக்கொண்டு பிரிந்திருந்தால் இரண்டாம் தவணைக்கு மறுபடி ஆரம்பத்திலிருந்து வர வேண்டியிருக்கும்.

எனக்கு இதில் ஃபீஸ் வாங்க மனம் வரவில்லை, வாங்கவும் இல்லை. ஒரு மாற்றம் செய்துகொண்டேன். இப்போது வீடு வாங்க வருகிறவர்களிடம், பத்திரக் கட்டைத் தருவதற்கு முன் வீட்டைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். மீட்டர் எத்தனை, குடிநீர் இணைப்பு எத்தனை, கதவில் என்ன எண் எழுதியிருக்கிறது, பின்னால் ஷெட் போட்டுக் கடை விட்டிருக்கிறார்களா. விற்பவர் தரும் வரி எண்ணை இணையத்தில் போட்டால் அந்த எண்ணுக்கான பாக்கி மட்டும்தான் தெரியும். அவர் தராத எண்ணைப் பற்றி இணையம் வாய் திறக்காது. அதனால் பில் கலெக்டரிடம் நேரில் போய், இந்தக் கட்டடத்தில் மொத்தம் எத்தனை வரி எண் என்று கேட்டுவரச் சொல்கிறேன். முன்பணம் கொடுக்கும் ஒப்பந்தத்திலேயே எல்லா எண்களையும் எழுதி, பாக்கியில்லாத ரசீதுகளைப் பதிவுக்கு முன் தர வேண்டும் என்று போடுகிறேன். பெயர் மாறும் வரை ஒரு தொகையை நிறுத்திவைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கேட்டுப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் சார்பதிவாளர் முன்னால் கைரேகை வைக்கும்போது முழுப் பணமும் வந்தாக வேண்டும் என்றுதான் விற்பவர்கள் நிற்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

இரண்டாம் தவணை ஏப்ரல் 7-ஆம் தேதியே வந்துவிட்டது. கெடுவுக்கு மூன்று நாள் முன்பு, பெரியவர் தானே பஸ் ஏறி வந்து, டீச்சர் வீட்டு வாசலில் நின்று காசோலையைக் கொடுத்திருக்கிறார். உள்ளே வாங்க ஐயா என்று கூப்பிட்டு காபி கொடுத்தார்களாம். மாடியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாராம்.

14/1-க்கான பெயர் மாற்றமும் அந்த மாதமே ஆனது. புது ரசீதில் டீச்சரின் இனிஷியல் தப்பாக விழுந்திருக்கிறது. திருத்தத்துக்கு மறுபடி ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.